மண்டித் தராசில் என் எடை

போன வாரம் நம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. போட்டவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம், கடைசி பெஞ்சுக்காரன் என்று வைத்துக்கொள்வோம். தன் பன்னிரண்டு வயது மகனைக் கடைத் தராசில் ஏற்றி, சிவப்பாக எரிகிற எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பயலுக்கு எப்படி வெயிட் குறைக்கிறது, ஐடியா சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தான். பதினெட்டுப் பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஐடியா என்று வந்தவை மூன்று: கொள்ளு, பட்டினி, ஹாஸ்டல். முப்பது வருடத்தில் நம் செட்டின் மருத்துவ அறிவு ஒரு அங்குலம் வளரவில்லை. தொப்பை மட்டும் வளர்ந்திருக்கிறது.

பழைய மாணவர் சந்திப்பு மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொன்னீர்கள். இது என்னுடையது. அன்போடு எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என்னிடம் பழைய கோபம் ஒன்று நல்ல நிலைமையில் இருக்கிறது. முடி போய்விட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, அதை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் எனக்கு வைத்த பெயர் செவ்வாழை. ஆளும் சிவப்பு, சுற்றளவும் அப்படி. சின்னமனூரில் என் பெரியப்பாவுக்கு வாழைக்காய் மண்டி இருந்ததால் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஓட்டப் பந்தயத்தில் நான் இறங்கினால் பி.டி. மாஸ்டர் ஸ்டாப் வாட்ச்சை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று ஒரு ஜோக் ஓடியது, நினைவிருக்கிறதா? அதை முதலில் சொன்னவன் நான்தான். அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதிதான் வலிக்கும். இன்றைக்கு விசேஷ வீடுகளில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டல்லவா, அந்தத் தொழிலை அங்கேதான் பழகினேன்.

பள்ளிக்கூடம் திறந்த மாதம், சளி என்று அம்மா என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு எடை பார்த்தார். அறுபத்தாறு கிலோ. உயரம் நூற்று நாற்பத்தொன்பது. சீட்டில் எழுதி, வீட்டுப் பெரியவர்கள் யாராவது வந்து பேசட்டும் என்றார். எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் பெரியப்பா. அப்பா அவருடைய தம்பி, அவருடைய மண்டியில் எடைச் சீட்டு எழுதுகிறவர், அவருடைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர். அதனால் என் உடம்புக்கும் பெரியப்பாவே பொறுப்பு.

பேசப் போன பெரியப்பா, டாக்டரம்மா வாயைத் திறந்ததுதான் தாமதம், தானே பேச்சை முடித்துவிட்டார்.

"பத்து கிலோ எறக்கணும், அம்புட்டுதானே? நான் எறக்குறேன் டாக்டரம்மா. தெனம் பத்து டன்னு எறக்குற கை இது."

டாக்டரம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பெரியப்பா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

வைத்தியம் மறுநாளே தொடங்கியது. காலையில் ஒரு சொம்பு கொள்ளு ரசம். யூரியாச் சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், வேர்ப்பதற்காக. பெரியப்பா டிவிஎஸ் ஐம்பதில் முன்னே போவார். நான் மண்டியிலிருந்து முல்லையாற்றுப் பாலம் வரை பின்னால் ஓட வேண்டும். சாக்கு ஒவ்வொரு எட்டுக்கும் சரசரவென்று சத்தம் போடும். எதிரே வருகிற பால்காரர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்ப்பார்கள். ராத்திரி எல்லாருக்கும் ஒரு சாப்பாடு, எனக்குத் தனித்தட்டில் வேறு சாப்பாடு. மற்றவர்கள் தட்டை நான் பார்க்கக் கூடாது என்று என்னைச் சுவர் பார்த்து உட்கார வைத்தார்கள். அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. இன்றும் என்னால் அதை அப்படியே வரைய முடியும்.

வார முடிவில் எடை. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டி நிறைய விவசாயிகள், லோடுமேன்கள், வெட்டி வந்த வாழைத்தார்களின் கறை வாசம். நடுவில் பிளாட்பாரத் தராசு. வழவழத்த இரும்புத் தட்டு, அதிலிருந்து எழும் தூண், மேலே எண் பொறித்த தண்டு. தண்டில் ஒரு பித்தளை வில்லை நகரும். தண்டு சமமாக நிற்கும் இடத்தில் எடை. நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். காலுக்குக் கீழே இரும்பு சில்லென்று இருக்கும். பெரியப்பா வில்லையைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, தாருக்குக் கூவுகிற அதே ராகத்தில் கூவுவார். பக்கத்து மேசையில் அப்பா எழுதிக்கொள்வார். என் எடையையும் வாழைக்காய்ச் சீட்டுப் புத்தகத்தில்தான் எழுதினார். தலை நிமிரவில்லை.

முதல் ஞாயிறு: அறுபத்திரண்டு.

ஆறே நாளில் நான்கு கிலோ. மண்டியே கைதட்டியது. பெரியப்பா என் முதுகில் ஒரு அறை கொடுத்து, பார்த்தீகளா என்று எல்லாரையும் பார்த்தார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் உடம்பில் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. டவுசர் பித்தான் போன வாரம் எந்த ஓட்டையில் மூச்சுத் திணறியதோ அதே ஓட்டையில்தான் திணறியது. அரை நிர்வாணமாக அத்தனை பேர் முன்னால் நின்ற கூச்சம் தாங்காமல், இறங்கியதும் நேராகக் காய் பழுக்கப்போட்ட அறைக்குள் போய் இருட்டில் உட்கார்ந்து நான்கு பழம் தின்றேன். பொய் எதற்கு, ஆறு. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் ஆனது. அவர் கூவக் கூவ எனக்குப் பசித்தது.

பெரியப்பாவின் புகழ் கம்பம் வரை போனது. மண்டிக்கு வருகிறவர்கள் ரசம் வைக்கும் பக்குவம் கேட்டார்கள். சாக்கில் ஓட்டை எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். அடுத்த வாரங்களில் எடை நகரவே இல்லை, கொஞ்சம் ஏறவும் செய்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சாரல் காலமாம், உடம்பில் நீர் கோத்திருக்குமாம்.

இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மறுபடி டாக்டரம்மா. மறுபடி எடை. அறுபத்தேழு.

அன்று சாயங்காலம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பா எங்கள் பகுதிக்கு இறங்கி வந்தார். பெரியம்மாவும் வாசலில் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம ஏந் தராசுல அறுவத்திமூணு. இன்னைக்குச் செவ்வாக்கெழம அறுவத்தேழு. ரெண்டே நாளுல நாலு கிலோ. ஒளிச்சு வச்சு ஊட்டுறது யாரு? பெத்தவதான். நான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லுறேன், இவ எம் மூஞ்சில கரியப் பூசுறா."

தீபாவளி கழிந்ததும் என்னை மலைமேல் ஒரு ஹாஸ்டலில் விடுவது என்று அந்த நிமிஷமே முடிவானது. அங்கே ஊட்ட ஆள் இருக்காது அல்லவா. ஒரு தாய் தன் பிள்ளையைத் தின்னக் கொடுத்தே கெடுக்கிறாள், அதனால் பிரித்து வைக்க வேண்டும். அதுதான் தீர்ப்பு.

அம்மா எனக்கு ஒரு வாய்கூட ஒளித்துத் தந்ததில்லை. பழுக்கப்போட்ட அறையில் தின்றது எல்லாம் என் சொந்தச் சாதனை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார். அப்புறம் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அல்லிநகரத்து அத்தை தன் மகளைக் கூட்டி வந்தாள். பதினான்கு வயசு, என்னைவிட ஒரு வயது மூத்தவள், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அண்ணனின் கைராசியில் இவளும் இளைக்கட்டும் என்று அத்தைக்கு ஆசை. பெரியப்பா அவளையும் தராசில் ஏறச் சொன்னார். அவள் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள். லோடுமேன் ஒருவர் மட்டும் திரும்பி நின்றுகொண்டார். மற்ற எல்லாரும் பார்த்தார்கள். பெரியப்பா கூவினார்: ஐம்பத்து நாலரை.

இறங்கி வந்தவளுக்கு உதடு துடித்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், முதல் வாரமே நிறையக் குறையும், ரசம் நல்லா வேலை செய்யும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

"நேத்து தேனி ஆஸ்பத்திரில நான் அம்பத்தெட்டு. இங்கன அம்பத்து நாலரைங்குறாக. நான் இன்னும் அந்த ரசத்தக் கண்ணாலகூடப் பாக்கலடா. அதுக்குள்ள எப்படிக் கொறையும்?"

கணக்கில் எனக்கு என்ன மார்க் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இது எனக்கே புரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். சாக்கு இல்லாமல், டிவிஎஸ் இல்லாமல், நானாக ஓடிய முதல் ஓட்டம் அது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல முறம் நின்றது. அந்தப் பிள்ளை இன்னும் ரசமே குடிக்கவில்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லையாம் என்றேன். மறுபடி முறம் ஆடியது. அரிசி முழுவதையும் புடைத்து முடித்து, தவிட்டைத் தட்டிவிட்டு, அப்புறம் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம வெறும் வயித்தோட கெளம்பு. மொதல்ல டாக்டரம்மா, அங்கிட்டிருந்து நேரா மண்டி. வழியில தண்ணி குடிக்காத. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்க. என்ன நடந்தாலும் தராச விட்டு எறங்காத. அழுகாத."

அந்த ஒரு வாரம் நான் ஒரு பழம் தொடவில்லை. பழிவாங்கப் போகிறவனுக்குப் பசிக்காது என்று அன்று தெரிந்துகொண்டேன். சொல்லப்போனால் மலையிலுள்ள எந்த ஹாஸ்டலைவிடவும் நல்ல வைத்தியம் அது.

ஞாயிறு காலை டாக்டரம்மா எடை பார்த்து எழுதினார். அறுபத்தேழு. நேரமும் போட்டுத் தாங்கம்மா என்றாள் அம்மா. அவர் ஒரு நிமிடம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எதற்கென்று கேட்கவில்லை. நேரத்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

மண்டி வரை அம்மா என் கையை விடவில்லை. பதின்மூன்று வயசுப் பையனுக்கு நடுத்தெருவில் அது எவ்வளவு அவமானம். வழியில் ஒரு கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையிலேயே பஜ்ஜியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்த ஒரே காலை அது. கல்யாணமாகி வந்த பதினைந்து வருடத்தில் அம்மா மண்டிக்குள் வந்ததில்லை. அன்றும் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

நான் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே ஏறி நின்றேன். பெரியப்பாவுக்கு அன்று நல்ல கூட்டம், நல்ல குஷி. வில்லையைத் தள்ளினார்.

"அறுவத்திமூணேய்!"

டாக்டர் சீட்டை எடுத்தேன். குரல் எனக்கு அப்போது உடைந்துகொண்டிருந்த வயசு. பாதி பூனையாகவும் பாதி தவளையாகவும் வந்தது.

"பெரியப்பா, டாக்டரம்மா இப்பத்தான் எடை போட்டாக. அரை மணி நேரம்கூட ஆகல. அறுவத்தேழுன்னு எழுதியிருக்காக."

தார் இறக்கக் காத்திருந்தவர்களில் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்து சீட்டை வாங்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, எடையையும் நேரத்தையும் உரக்கப் படித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, வழியில எங்கிட்டும் ஒதுங்குனியா?"

"இல்ல மாமா."

"அரை மணி நேரத்துல நாலு கிலோ வத்துறதுக்கு இவன் என்ன ஈரத்துணியா, மொதலாளி?"

சிரிப்பு எழுந்தது. எனக்குப் பழகிய சிரிப்புதான், ஆனால் முதல் தடவையாக அது என்மேல் விழவில்லை. பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தார். டாக்டரம்மாவின் தராசு ஸ்பிரிங்கு, இது இரும்பு என்றார். மார்க்கையன்கோட்டைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. தன் வண்டியில் கடையிலிருந்து பிரிக்காமல் வந்த யூரியா மூட்டை இருக்கிறது, ஐம்பது கிலோ என்று அச்சடித்திருக்கிறது, அதைக் கொண்டுவா என்று லோடுமேனிடம் சொன்னார். என்னை இறங்கச் சொன்னார். அம்மாவைப் பார்த்தேன். தலையாட்டினாள். இறங்கினேன்.

மூட்டை தட்டில் உட்கார்ந்தது. வில்லையை இந்த முறை மார்க்கையன்கோட்டைக்காரரே நகர்த்தினார். நாற்பத்தேழில் தண்டு சமமாக நின்றது.

"மூட்டையும் கொள்ளு ரசம் குடிச்சிருக்கும் போல" என்று லோடுமேன் ஒருவர் மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பெரியப்பா ஒரு காரியம் செய்தார். விரலை நீட்டி அப்பாவைக் காட்டினார். தராசு தம்பி பொறுப்பு, எதுவானாலும் அவனைக் கேளுங்கள் என்றார். எல்லாத் தலையும் சீட்டு மேசைப் பக்கம் திரும்பியது. அப்பா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். படியில் நின்ற அம்மா உள்ளே வராமலே சொன்னாள்:

"என்னயத்தான் ஊட்டுனவளுன்னு சொன்னப்ப சும்மா இருந்தீக. இன்னைக்காச்சும் வாயத் தொறங்க."

அப்பா எழுந்து நின்றார். யாரையும் பார்க்காமல், சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வில்லைக்குள்ள ஈயம் இருக்கு. ஊத்தச் சொன்னது அண்ணன். ஊத்துனது நான்."

அதாவது வில்லை கனமாக இருந்தால் தட்டில் எதை வைத்தாலும் குறைத்துக் காட்டும். தார் வைத்தாலும் சரி, நான் நின்றாலும் சரி. அதைச் செய்து வைத்தவர்கள் இருவருக்கும் நான் ஒரு கிலோகூட இளைக்கவில்லை என்பது முதல் ஞாயிறே தெரியும். தெரிந்தேதான் ஒருவர் கூவினார், ஒருவர் எழுதினார். டாக்டர் சீட்டு வந்ததும் தராசைக் காப்பாற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

விவசாயிகள் சத்தம் போடவில்லை. இறக்கி வைத்த தார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். சருகு உரசுகிற சத்தம், மாட்டு மணிச் சத்தம், வண்டி கிளம்புகிற சத்தம். பெரியப்பா வெறும் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். எத்தனையோ நல்ல பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். தூக்கம் வராத நாளில் நான் நினைத்துக்கொள்வது அந்தச் சத்தத்தைத்தான்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு வேலை போனது, வீடும் போனது. வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு பிடித்தோம். அப்பா உரக்கடை ஒன்றில் சேர்ந்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பெரியப்பாமேல் எறிந்த கல் தெரியாமல் அப்பாமேலும் பட்டுவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவ்வளவு நேரம் கை கழுவிய மனுஷனை நான் குறிபார்க்கவே இல்லையா என்ன? அண்ணன் சோற்றில் வளர்ந்தவரின் பயம் இந்த வயசில் எனக்குப் புரிகிறது. புரிந்தவுடன் மன்னித்துவிட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே.

ஹாஸ்டல் பேச்சு அதோடு ஒழிந்தது. அம்மா அப்பாவையும் என்னையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அன்றுதான் அவர் சொல்ல வந்ததை நாங்கள் உட்கார்ந்து கேட்டோம். பையனுக்குத் தனித்தட்டு வேண்டாம், வீட்டில் எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள். கலர் சோடாவும் பேக்கரிப் பலகாரமும் எப்போதாவது போதும். பட்டினி போடாதீர்கள், போட்டால் ஒளிந்து தின்பான். (அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். அந்த மரியாதைக்காகவே அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன்.) தினம் விளையாடட்டும், நீங்களும் கூட நடங்கள். எடை மூன்று மாதத்துக்கு ஒரு தரம், இந்த அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. இன்னும் வளர்கிற பையன்தான், ஏறாமல் பார்த்துக்கொண்டாலே உயரம் வந்து சரிக்கட்டிவிடும் என்றார்.

ஒரு நாள் விடியற்காலை அப்பா என்னை எழுப்பினார். வாய்க்கால் கரையில் நடந்தோம். பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் நடந்தோம். பேச்சு வர இன்னும் மூன்று வாரம் ஆனது, நடை நிற்கவில்லை.

கடைசி பெஞ்சுக்காரா, உன் மகனுக்கு என்ன தேவை என்பதை அவனை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். எனக்கும் தெரியாது, குரூப்புக்கும் தெரியாது. நீ முதலில் அந்தப் போட்டோவை எடு. பதினெட்டுப் பேரும் பொம்மைகளை எடுங்கள். அந்தப் பையன் இன்று உன் போனில் எண்ணிக்கொண்டிருப்பான். நான் எண்ணினேனே.

மூன்று வருடம் கழித்துக் கெங்குவார்பட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைவிட அரைச்சாண் உயரம், பெல்ட்டு போட்டால்தான் பேண்ட் நிற்கும். பந்தியில் எனக்கு நேர் எதிரே பெரியப்பா. மண்டியில் புதுத்தராசு வைத்திருந்தார் என்று கேள்வி. அந்த மூன்று வருடத்தில் அவர் எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்திக்காரர்களிடம் என்னைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எந் தம்பி மகன்தான். எப்படி இருந்தாங்கிறீக, உருளக் கணக்கா. நான்தான் ஓட விட்டு, ரசத்தக் குடுத்து, வைத்தியத்த ஆரம்பிச்சு வச்சேன். பத்து கிலோ எறக்கிப்புட்டோம்ல."

அம்மா பெண்கள் பந்தியில் இருந்தாள். அவள் கை இலையில் அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது. முந்தின வாரம்தான் டாக்டரம்மாவிடம் போய்வந்திருந்தோம். உயரம் நூற்று எழுபத்தொன்று. எடையைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார்.

"ஒரு கிலோகூட எறங்கல பெரியப்பா," என்றேன். குரல் இப்போது நன்றாக உடைந்து கணீரென்று வந்தது. "அன்னைக்கு மண்டியில நின்னப்ப இருந்த அதே அறுவத்தேழுதான். சந்தேகமா இருந்தா எடை போட்டுப் பாருங்க. வேற யார் தராசுலயாச்சும்."

சம்பந்திக்காரர்களுக்குப் புரியவில்லை. மற்ற எல்லாருக்கும் புரிந்தது. அந்தப் பந்தியில் பாதிப்பேர் வாழை போடுகிறவர்கள். முதலில் ஒருவருக்குப் புரையேறியது, அப்புறம் வரிசையாக ஏறியது. பெரியப்பா இலையைப் பார்த்துக் குனிந்தார். நான் சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, அவசரமே இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவர் பாதியில் எழுந்து போன பிறகும் எழுந்திருக்கவில்லை.